வேர்ஜினியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துயரும் அது புகட்டும் பாடமும்

தீமை நிகழ்ந்து முடிந்தபின் அதன் அறிகுறிகளை எண்ணிக் காட்டுதல் எளிது. நிகழுமுன் அவற்றைக் கண்டு, ஒன்றுசேர்த்து, பொருளுணர்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தற்குரிய பொறுப்புக் கல்விக் கழகங்கட்கும் மருத்துவ நிலையங்கட்கும் நீதிமன்றங்கட்கும் உண்டு. ஆயினும் அவை ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்துவிட்டதாக அமைதியுற்றிருக்கும் வேளையிலேயே, அவற்றின் இடைவெளிகளில் பெருங்கேடு வளர்ந்துவிடுதலும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டு வேர்ஜினியா மாநிலத்தில், பிளக்ஸ்பேர்க் என்னும் ஊரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த படுகொலை இதற்குத் தக்க சான்றாகும். அன்று காலை ஒரு மாணவனின் துப்பாக்கிக்கு 32 பேர் இரையாயினர். அவருள் 27 பேர் மாணாக்கர், ஐவர் ஆசிரியர். மேலும் 17 பேர் குண்டுபட்டுக் காயமுற்றனர்.

இந்நிகழ்ச்சி தமிழ் மக்களுக்கும் அயலானதன்று. அன்று உயிர்நீத்த ஆசிரியர் ஐவருள் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையம் என்னும் சிற்றூரில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டமும், அமெரிக்காவிலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்று, வேர்ஜினியாவில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் குடிசார் பொறியியல் கற்பித்தார். நீரியல் அவருடைய துறை. மழை எங்கெங்கு எவ்வளவு பெய்தது, அது எவ்வெவ் வாய்க்கால் வழியே ஓடி எவ்விடத்திற் கூடும், கூடுமிடத்தில் வெள்ளம் எவ்வளவு உயரும் என்பவற்றைக் கணித்தறியும் கலை அது. அக்கலையைக் கற்பித்துக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் வீழ்ந்தார். சிறு சிறு ஓடைகளாகப் பல்லிடத்தும் புலப்பட்ட ஒரு கேட்டினை ஓரிடத்தும் கூட்டி அளந்து பாராமையால் அவ்விறப்பு நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

பல்கலைக்கழக வளாகத்தில் இத்தகைய கொடுமை நிகழ்ந்தது அதுவே முதன்முறையன்று. 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள், ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கோபுரத்தில் ஏறிய சார்ள்ஸ் விற்மன் என்னும் மாணவன் கீழே நடந்து சென்றோரைச் சுட்டு வீழ்த்தினான். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், அதே பல்கலைக்கழகத்தின் உளநோய் மருத்துவரிடம் அவன் சென்றிருந்தான். கோபுரத்தில் ஏறி மனிதரைச் சுடும் எண்ணம் தனக்கு எழுவதாகக் கூறியுமிருந்தான். மருத்துவர் அதனைக் குறித்துக்கொண்டு, மறுவாரம் வருமாறு பணித்தார். அவன் வரவில்லை. வராதவனைத் தேடிச் சென்றாரும் இலர். குறிப்பேடு நிலையத்திலேயே இருந்தது. நாற்பதாண்டுகளின் பின் வேர்ஜினியாவில் நிகழ்ந்ததும் இதன் விரிவே எனலாம்.

வேர்ஜினியாக் கொலையைப் புரிந்த சியுங் குய் சோ என்பவன் 1984ஆம் ஆண்டு தென்கொரியாவிற் பிறந்தவன். 1992ஆம் ஆண்டு பெற்றோருடன் அமெரிக்கா சென்றவன். வாய்திறந்து பேசுதல் அவனுக்கு இளமை முதலே அரிதாயிருந்தது. குறித்த சூழல்களிற் பேசவியலாது வாயடைத்துப்போகும் ஓர் உளக்கோளாறு அது என மருத்துவர் கண்டனர். 1999ஆம் ஆண்டு கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் 13 பேரைக் கொன்ற செய்தி பரவியபோது, அதனைத் தானும் செய்ய விழைவதாகப் பொருள்படும் கட்டுரை ஒன்றைச் சோ தன் பாடசாலையில் எழுதினான். ஆசிரியர் அதனைப் புறக்கணித்திலர். பெற்றோருக்கு அறிவித்தனர், மருத்துவரிடம் அனுப்பினர், மருந்தும் தரப்பட்டது. அவன் நிலை தேறியது. பின்னர்ப் பயின்ற உயர்நிலைப் பள்ளியும் அவனுக்கென வேறு கற்பித்தல் ஒழுங்குகளை வகுத்தது. பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகிய முத்திறத்தாரும் ஒருவரோடொருவர் கலந்து பேசிய அக்காலத்தில் அவனாற் கேடு எதுவும் விளையவில்லை. இஃது ஊன்றி நோக்கத்தக்கது.

2003ஆம் ஆண்டு அவன் பல்கலைக்கழகம் புகுந்தான். வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறிய கல்லூரி ஒன்றே அவனுக்கு ஏற்றது எனப் பள்ளியில் வழங்கப்பட்ட அறிவுரையை அவன் ஏற்கவில்லை. ஏறத்தாழ 26,000 மாணாக்கர் பயிலும் அப்பெருங் கழகத்துக்கு அவன் சென்றபோது, அவனுடைய முன்னைய வரலாறு அவனுடன் செல்லவில்லை. அதனை அனுப்பவேண்டும் என்ற விதியும் இல்லை. கேட்கவேண்டும் என்ற வழக்கமும் இல்லை. ஆண்டுகள் பலவாகப் பலர் கூடிக் கட்டிய காவல் ஒரே நாளில் அற்றது.

2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. கவிஞர் நிக்கி ஜியோவானியின் வகுப்பில் அவன் வன்மம் நிறைந்த எழுத்துக்களைப் படைத்தான். உடன்பயின்ற மாணவியரை அவரறியாது படம் பிடித்தான். அஞ்சிய மாணாக்கர் வகுப்புக்கு வருதலைத் தவிர்த்தனர். அவனை அகற்றாவிடின் தாம் பதவி விலக நேரும் என்று அவ்வாசிரியை அறிவித்தார். ஆங்கிலத் துறைத் தலைவி லுசிண்டா றோய் அவனைத் தம்மிடம் அழைத்துத் தனியே கற்பித்தார்; மாணவர் நலத்துறைக்கும் உளவளத்துணை நிலையத்துக்கும் வளாகப் பொலிசாருக்கும் செய்தி தெரிவித்தார்; உளவளத்துணையை நாடுமாறு அவனையும் பன்முறை வேண்டினார். தனி ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியவற்றை அவர் செய்தார் என்றே கூறுதல் வேண்டும். ஆனால் எழுத்தில் வெளிப்படையான அச்சுறுத்தல் இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அதே காலத்தில் விடுதியிலும் அவன் நடத்தை கவலை தந்தது. நவம்பர் இறுதியிலும் டிசெம்பர் நடுப்பகுதியிலும் மாணவியர் இருவர், அவன் வேண்டாத செய்திகள் அனுப்பித் தொல்லைதருவதாக வளாகப் பொலிசாரிடம் முறையிட்டனர். பொலிசார் அவனை எச்சரித்தனர். எச்சரிக்கப்பட்ட டிசெம்பர் 13ஆம் நாளே, தன்னுயிரை மாய்த்துக்கொள்வதே மேல் என உடனுறைந்த மாணவனுக்கு அவன் செய்தி விடுத்தான். அம்மாணவன் அதனை அறிவிக்கவே, அவன் ஓர் உளநோய் மருத்துவமனையில் ஓரிரவு தடுத்து வைக்கப்பட்டான்.

மறுநாள் நடந்த விசாரணையே இவ்வரலாற்றின் நடுப்புள்ளி. அவன் நிலையை ஆராய அமர்த்தப்பட்ட மதிப்பீட்டாளர் அவனோடு செலவிட்ட காலம் ஏறத்தாழ 15 நிமிடம். முறையிட்ட மாணவியர், அறிவித்த அறைத்தோழர், அழைத்துவந்த பொலிசார், எச்சரித்த ஆசிரியர் ஆகிய எவரும் விசாரணையிற் கலந்துகொண்டிலர். பெற்றோருக்கு அறிவிக்கப்படவேயில்லை. அவன் தனக்கே உடனடி ஆபத்து விளைவிக்கக்கூடியவன் என்று முடிவுசெய்த நீதவான், மருத்துவமனையிற் சேராது வெளியிலிருந்தே சிகிச்சை பெறவேண்டுமெனக் கட்டளையிட்டார். அன்று பிற்பகலே அவன் பல்கலைக்கழக உளவளத்துணை நிலையத்துக்குச் சென்றான். நவம்பர் 30, டிசெம்பர் 12, டிசெம்பர் 14 என மும்முறை அந்நிலையம் அவனுடைய முறைப்பாட்டைக் கேட்டது. சிகிச்சையோ ஒருமுறையேனும் தொடங்கவில்லை. கட்டளையிட்ட நீதிமன்றம் அது நிறைவேறியதா என்று வினவவில்லை. மருத்துவமனை, அனுப்பியதோடு தன் கடன் முடிந்தது என்றிருந்தது. நிலையம், தானே விரும்பி வராதவனை அழைத்தல் தன் வழக்கமன்று என்றிருந்தது. அங்கு எழுதப்பட்ட குறிப்புகளும் காணாமற்போயின. 2009ஆம் ஆண்டிலேயே, நிலையத்தின் முன்னாட் பணிப்பாளருடைய இல்லத்தில் அவை கண்டெடுக்கப்பட்டன.

இவ்வாறு தனித்தனியே நின்றமைக்குப் பலரும் கூறிய காரணம் சட்டம். மாணவர் கல்விப் பதிவுகளையும் நோயாளர் மருத்துவக் குறிப்புகளையும் பிறர்க்கு வெளிப்படுத்தலாகாது என அமெரிக்கச் சட்டங்கள் கூறுகின்றன. ஆனால் பாதுகாப்புக்கு இடையூறு நேரும் அவசர வேளையிற் பகிர்ந்துகொள்ள அவை இடமளித்தன என்பதையும், கண்ணாற் கண்ட நடத்தையைக் கூறுதல் பதிவை வெளிப்படுத்தல் ஆகாது என்பதையும் பின்னர் ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர். சட்டம் தடுத்ததினும் சட்டம் தடுக்கும் என்ற அச்சமே மிகுதியாகத் தடுத்தது. தம் மகன் தடுத்து வைக்கப்பட்டதை அறிந்திருந்தால் அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றிருப்போம் என்று பெற்றோர் பின்னர்க் கூறினர்.

துப்பாக்கி வாங்கியபோதும் இந்நிலையே நேர்ந்தது. உளநோயால் ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என நீதிமுறையால் முடிவுசெய்யப்பட்டவர் துப்பாக்கி வாங்குதலை நடுவண் சட்டம் தடுத்திருந்தது. வேர்ஜினியா மாநிலமோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டோரின் பெயரை மட்டுமே பதிவேட்டுக்கு அனுப்பிவந்தது. வெளிச்சிகிச்சைக்குக் கட்டளையிடப்பட்டோரை அனுப்பவில்லை. ஆகவே 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒன்றும் மார்ச்சில் ஒன்றுமாக இரு கைத்துப்பாக்கிகளை அவன் வாங்கியபோது, கணினிப் பதிவேடு இருமுறையும் தடையில்லை என்றே விடையளித்தது. மாதம் ஒன்றுக்கு ஒரு கைத்துப்பாக்கியே வாங்கலாம் என்ற மாநில விதியையும் அவன் பிழையின்றிக் கைக்கொண்டான்.

இனி, ஏப்பிரல் 16ஆம் நாட் காலையில் நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 7.15 மணிக்கு மாணவர் விடுதி ஒன்றில் மாணவி ஒருத்தியும், அவளுக்கு உதவ விரைந்த மாணவ மேற்பார்வையாளர் ஒருவரும் சுடப்பட்டனர். பொலிசார் விரைவில் வந்தனர். குருதி தோய்ந்த அடிச்சுவடுகள் அறையினின்றும் வெளியே சென்றன, துப்பாக்கி அங்கில்லை. கொன்றவன் ஆயுதத்துடன் வெளியேறிவிட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் 8.14 மணியளவில், அம்மாணவியின் நண்பனொருவனிடம் துப்பாக்கிகள் உண்டு என்ற செய்தி அறைத்தோழியால் தெரியவந்தது. அக்கணமே ஆராய்ச்சி அவ்வொருவன்மேற் சென்று நிலைத்தது. இது காதற் பூசலின் விளைவு. ஐயத்துக்குரியவன் வளாகத்தை விட்டு நீங்கிவிட்டான். ஆகவே பிறர்க்கு இடரில்லை என்ற கருத்து வேரூன்றியது. 9.24 மணியளவில் அவ்விளைஞனின் வண்டியைப் பொலிசார் மறித்தனர். அவன் குற்றமற்றவன்.

முதற்கருத்தொன்றைக் கொள்ளுதல் ஆராய்வோர்க்குத் தவறன்று. அஃதின்றி ஆராய்ச்சி தொடங்காது. அது பொய்யாயின் என்ன நேரும் என்று எண்ணி, அதற்கும் ஒரு காவல் அமைக்காமையே தவறு. திருக்குறள் தெரிந்து தெளிதல் என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இங்குத் தெரிதல் நிறைவுறுமுன் தெளிதல் நிகழ்ந்துவிட்டது.

பல்கலைக்கழக நிருவாகக் குழு 8.25 மணிக்குக் கூடியது. எச்சரிக்கை விடும் பொறி பொலிசார் கையில் இல்லை. குழுவின் இசைவு பெற்றே செய்தி செல்லவேண்டும். 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில், தப்பியோடிய கைதி ஒருவன் வளாகத்தை அண்டிய பகுதியிற் கொலை புரிந்தபோது பொய்ச் செய்திகள் பரவி மாணவர் கலக்கமுற்றதை அக்குழு மறந்திலது. மீண்டும் கலக்கம் விளைதலாகாது எனச் சொற்களை அளந்து எழுதிய மின்னஞ்சல் 9.26 மணிக்கே சென்றது. விடுதியிற் சூட்டு நிகழ்ச்சி ஒன்று நடந்தது என்றே அது கூறியது. இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதையோ, சுட்டவன் பிடிபட்டிலன் என்பதையோ அது கூறவில்லை. இதற்கிடையில், 9.01 மணிக்கு, கொலையாளி ஊரிலுள்ள தபாற் கந்தோரில் நின்று, தன் படங்களும் எழுத்துக்களும் அடங்கிய பொதியொன்றைத் தொலைக்காட்சி நிறுவனமொன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

பின்னர் அவன் நொறிஸ் மண்டபம் என்னும் பொறியியற் கட்டடம் புகுந்து, மூன்று வாயிற்கதவுகளையும் உள்ளிருந்து சங்கிலியாற் பிணித்தான். சங்கிலியை அகற்றினால் வெடிக்கும் என்று எழுதிய தாளொன்று கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அதனைக் கண்ட ஆசிரியர் ஒருவர் எடுத்து, மேல்மாடியிலுள்ள பீடாதிபதி அலுவலகத்திற் கொடுத்தார். அங்கிருந்து பொலிசாருக்குச் செய்தி போகுமுன் சூடு தொடங்கிவிட்டது. இறுதி அறிகுறியும் முன்னையவற்றைப் போலவே உரியவர் கையைச் சேரவில்லை.

9.40 மணிக்குத் தொடங்கிய சூடு 9.51 வரை நீடித்தது. 174 குண்டுகள் சுடப்பட்டன. 30 உயிர்கள் மாண்டன. 206ஆம் இலக்க அறையில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த லோகநாதன் முதலில் வீழ்ந்தார். அவ்வறையிலிருந்த மாணாக்கர் 13 பேருள் ஒன்பதின்மர் இறந்தனர், இருவர் காயமுற்றனர், இருவரே ஊறின்றித் தப்பினர். இறந்தவருள் இந்தோனேசியாவினின்றும் எகிப்தினின்றும் கல்வி நாடி வந்தோரும் இருந்தனர். 204ஆம் அறையில், நாசிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்த முதுபேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தம் உடலால் தாங்கி நின்று, மாணாக்கரைச் சாளரத்தின் வழியே தப்பச்செய்து உயிர் துறந்தார். 205ஆம் அறையின் மாணாக்கர் கதவை மேசையால் அடைத்துப் பற்றிக்கொண்டமையால் ஒருவரும் ஊறுபட்டிலர். சில நிமிட முன்னறிவு எத்துணை உயிரைக் காக்கும் என்பதற்கு அவ்வறையே சான்று. பொலிசார் மூன்று நிமிடத்துள் கட்டடத்தை அடைந்தும், சங்கிலியிட்ட கதவுகளைக் கடந்து உட்புக மேலும் ஐந்து நிமிடம் சென்றது. அவர் உட்புகுந்ததும் கொலையாளி தன்னையே சுட்டு மாண்டான். ஆயுததாரி ஒருவன் வளாகத்தில் உலவுகிறான் என்ற இரண்டாம் மின்னஞ்சல் 9.50 மணிக்கே வந்தது.

மாநில ஆளுநர் ரிம் கெயின் நியமித்த ஆய்வுக்குழு அவ்வாண்டு ஓகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. 131 கட்டடங்கள் கொண்ட வளாகம் முழுவதையும் அடைத்துவிடுதல் இயலாது என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆயினும் பொலிசார் தம் முதற்கருத்தை முந்தித் துணிந்தனர் என்றும், இருவர் கொல்லப்பட்ட செய்தியை உடனே யாவர்க்கும் அறிவித்திருத்தல் வேண்டும் என்றும், இரண்டாண்டுக்கு முந்திய அறிகுறிகளை ஒருவரும் ஒருங்கே நோக்கிலர் என்றும் அது கண்டது. அதன்பின் சட்டங்கள் திருத்தப்பட்டன. வெளிச்சிகிச்சைக் கட்டளைகளும் பதிவேட்டுக்கு அனுப்பப்படலாயின. பதிவேட்டினைச் செம்மையாக்கும் நடுவண் சட்டம் 2008 ஜனவரியில் ஒப்பமிடப்பட்டது. வேர்ஜினியாவின் அரச பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலும் ஆசிரியர், மாணவர் நலத்துறையினர், உளவளத்துணையாளர், பொலிசார் ஆகியோர் கூடியிருந்து அச்சுறுத்தல்களை ஆராயும் குழு அமைதல் வேண்டும் என்றும் 2008இல் விதிக்கப்பட்டது. சோவின் பள்ளிப்பருவத்தில் பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் தாமாகவே செய்தது, 32 உயிர்களின் பின் சட்டமாயிற்று.

பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு நீதிமன்றங்கள் ஒருமித்த விடை தரவில்லை. இறந்த இருவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், பல்கலைக்கழகம் கவனக்குறைவாக நடந்தது என யூரர் 2012இல் தீர்த்தனர். மாநில மீயுயர் நீதிமன்றம் 2013இல் அதனை மாற்றியது. இத்தகைய வினாவுக்குச் சட்டத்தின் விடை ஒன்று. மனச்சான்றின் விடை வேறொன்று.

இவ்வரலாற்றினின்று பிழையான பாடத்தைக் கற்றலும் கூடும். பேசாதிருப்பவர் யாவரும் ஐயத்துக்குரியவர், உளநோயுற்றோர் யாவரும் கொடியவர் என எண்ணுதல் பெரும்பிழை. உளநோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர். ஆராயாத ஐயம் எத்தகைய கேடு விளைக்கும் என்பதை வடமராட்சி மக்களுக்கு எவரும் கூறவேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டுப் படைநடவடிக்கையின்போது, இளைஞர் என்பதொன்றே குற்றமாக எண்ணிறந்தோர் பிடிக்கப்பட்டுக் காலியை அடுத்த பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாகி, அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாட் தாக்குதலில் இடிபாடாயிற்று. அங்கே ஒருவரையும் ஆராயாது யாவரையும் ஐயுற்றனர். வேர்ஜினியாவில் ஆராயவேண்டிய ஒருவனை எவரும் முற்ற ஆராய்ந்திலர். இரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றினும் மூலம் ஒன்றே: மனிதன் ஒருவனை அருகிருந்து முழுமையாக அறியும் முயற்சி இல்லாமை.

சோவைக் கண்டவர் பலர், கவலையுற்றவர் பலர், தத்தம் எல்லைக்குள் உதவ முயன்றவரும் பலர். வகுப்பாசிரியர் எழுத்தைக் கண்டார்; விடுதித் தோழர் நடத்தையைக் கண்டார்; பொலிசார் முறைப்பாட்டைக் கண்டனர்; நீதவான் ஒரு காலைப்பொழுதைக் கண்டார். அவனை முழுமையாகக் கண்டவர் ஒருவரும் இலர். கல்விக் கூடம் ஒன்றின் காவல் மதிலிலும் வாயிலிலும் மட்டும் அமைவதன்று. ஒரு மாணவனைப் பற்றி வகுப்பாசிரியர் அறிந்ததை விடுதி மேற்பார்வையாளர் அறிதலிலும், அவ்விருவர் அறிந்ததைப் பெற்றோர் அறிதலிலும், மூவரும் கூடியபின் அவனையும் அருகழைத்து அமர்த்திப் பேசுதலிலுமே அது அமைகின்றது. அத்தகைய கூட்டம் ஒன்று 2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கூடியிருப்பின், 206ஆம் அறையில் நீரியற் பாடம் மணியடிக்கும்வரை நடந்து முடிந்திருத்தலும் கூடும்.